கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு காலப்பயணக் காதல்: 1030 வேண்டாம், 1836-க்குப் போங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண். பாட்டி இறந்தபிறகு டிரங்குப் பெட்டியில் ஓர் ஓலை நறுக்கு கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போகிறாள். கோயில் வளாகத்துச் சிங்கக் கிணற்றில் படியிறங்கி, 1030-இல் ஏறி வருகிறாள். இராசேந்திரனின் படைத்தலைவன் ஒருவனைக் காதலிக்கிறாள். கடைசியில் அவன் வம்சம்தான் தன் வம்சம் என்று தெரிய வருகிறது. இதை நம்பும்படி எழுதுவது எப்படி, இடத்தையும் காலத்தையும் எப்படிச் சரியாகக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடம் அருமையான தேர்வு. காலம்தான் இடிக்கிறது. உங்கள் பெண்ணை 1030-இல் இறக்காமல் 1836-இல் இறக்குங்கள் என்பதுதான் நான் சொல்லப்போவது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சிங்கக் கிணறு. கங்கை நீரை இராசேந்திரன் அதில் ஊற்றினான் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அந்தச் சிங்கம் சுதையால், அதாவது சுண்ணாம்புக் காரையால் ஆனது. அங்கே இருக்கும் எழுத்து 19-ஆம் நூற்றாண்டு எழுத்து, உடையார்பாளையம் ஜமீன் கட்டியதாகச் சொல்வது. உங்கள் நாயகி 1030-இல் வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் அங்கே சிங்கமே இருக்காது. கல்வெட்டு தெரிந்த வாசகர் ஒருவர் போதும், மூன்றாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்தது வம்சக் கணக்கு. இது இன்னும் பெரிய சிக்கல். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் 2, பாட்டன் பாட்டிகள் 4, அதற்கு மேலே 8. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் 33 தலைமுறைக்கு முன் உங்கள் நாயகிக்கு 859 கோடி முன்னோர் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு உலகத்தின் மொத்த மக்கள்தொகையே முப்பது கோடியை ஒட்டித்தான். அதாவது ஒரே ஆள் ஆயிரம் வழிகளில் திரும்பத் திரும்ப முன்னோராக வருகிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன் சோழநாட்டில் வாழ்ந்து, சந்ததி அறாமல் வந்த ஒருவர் இன்று அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய எல்லோருக்குமே பாட்டன். "நான் அந்தத் தளபதியின் வம்சம்" என்று அவள் கண்கலங்கும்போது, பக்கத்தில் சுண்டல் விற்பவரும் அதே வம்சம்தான். 180 வருஷம் என்றால் ஆறு, ஏழு தலைமுறை. முன்னோர் 64-இலிருந்து 128 பேருக்குள். அதில் ஒரு முகத்தைத் தேடிப் போகலாம். குடும்பச் சொத்து, குடும்பச் சண்டை, குடும்ப ரகசியம் எல்லாம் அந்தத் தூரத்தில்தான் உயிரோடு இருக்கும்.

சரி, ஏன் குறிப்பாக 1836?

அந்தக் கோயில் பாழ்பட்டதில் ஒரு பகுதிக்கு மிகத் துல்லியமான தேதி இருக்கிறது. இராசேந்திரன் ஆண்டது 1014 முதல் 1044 வரை. கங்கைப் படையெடுப்புக்குப் பிறகு எழுந்த இந்த ஊர், சோழர் ஆட்சி 1279-இல் முடியும்வரை ஏறத்தாழ 250 ஆண்டு தலைநகர். பிறகு நகரம் கரைந்தது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல்லை ஊர்க்காரர்களே தோண்டி வீடு கட்டிக்கொண்டார்கள். தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கூரை ஓடும் சீனப் பீங்கான் துண்டும் கிடைத்தன. சுவர் என்று சொல்ல அடித்தளம்தான் மிச்சம். ஆனால் கோயிலின் கல்மதிலுக்கு நேர்ந்தது வேறு. 1836-இல் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியது. அதுதான் இன்றைய அணைக்கரை. அணைக்குக் கல் வேண்டும். கிட்டத்திலேயே வெட்டிச் செதுக்கி அடுக்கி வைத்த கல் எங்கே இருக்கிறது? சோழன் மதிலில். பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சிற்ப வேலை செய்த கல்லும் அதோடு போனது.

1855-இல் அச்சான ஒரு குறிப்பு இதைப் பதிவு செய்திருக்கிறது. எழுதியவர் இந்த ஊர்க்காரர் அல்லர், ஆங்கிலத்தில் எழுதியவர். அதனால்தான் அது இன்னும் சுடுகிறது. ஏழை சனங்கள் தங்களால் முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, உத்தரவை மதிக்கவில்லை என்று தண்டிக்கப்பட்டதுதான் மிச்சம் என்கிறார். கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்களாம், அது நிறைவேறவே இல்லை என்றும் எழுதுகிறார்.

இந்த நாலு வரிக்குள் உங்கள் நாவல் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. தடுத்துப் பார்த்தவர்கள் யார்? பெயர் இல்லை. என்ன தண்டனை? அதுவும் இல்லை. புனைவுக்கு இதைவிட நல்ல காலிமனை கிடைக்காது. 1030-க்குப் போனால் உங்கள் நாயகி அதிகபட்சம் ஒரு சுற்றுலாப் பயணி. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பாள், அவ்வளவுதான். 1836-க்குப் போனால் கண்ணெதிரே கல் பெயர்கிறது, அவளுக்கு வேலை இருக்கிறது.

வில்லனையும் யோசிக்க வேண்டும். கீழணையைத் திட்டமிட்டவர் ஆர்தர் காட்டன். அவரை மீசை முறுக்கும் வெள்ளைக்காரனாக எழுதினால் கதை சப்பென்று ஆகிவிடும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து போய், காவிரியில் மணல் மேடிட்டு, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதற்காக முக்கொம்பில் மேலணை, அங்கிருந்து சுமார் 70 மைல் கீழே கீழணை. கீழணையிலிருந்து பிரியும் வடவாறுதான் இன்றுவரை வீராணம் ஏரியை நிரப்புகிறது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய ஆட்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். கல்லணையைப் பார்த்துக் கற்ற பாடம். ஆக ஒரு சோழனிடம் வித்தை கற்று, இன்னொரு சோழனின் மதிலை உடைத்துக் கட்டிய அணை. அதில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவர்களில் உங்கள் நாயகியின் பாட்டியும் ஒருத்தி. "உடைக்காதே" என்று அவள் 1836-இல் கத்தும்போது, தன் வீட்டுச் சோற்றுப் பானையையும் சேர்த்துத்தான் தட்டிவிடப் பார்க்கிறாள் என்பது அவளுக்கே உறைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று எழுதுங்கள்.

இப்போது காலப்பயணத்தின் இயந்திரம். மின்னல், மாயக்கண்ணாடி, நீலநிற ஒளி எதுவும் வேண்டாம். நம்மிடமே ஒன்று இருக்கிறது, அறுபது வருஷச் சுழற்சி. 1836 சித்திரையில் பிறந்தது துன்முகி வருஷம். அடுத்த துன்முகி 1896. அதற்கடுத்தது 1956. அப்புறம் 2016. பாட்டியின் ஓலையில் "துன்முகி சித்திரை" என்று மட்டும் இருந்தால் அது எந்தத் துன்முகி? பழைய ஓலையைக் கையில் எடுத்த எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது. உங்கள் கதைக்கு அதுவே கதவு. ஒரே பெயருள்ள வருஷங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன, ஒரே ஒரு கல் அவற்றைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

துன்முகிக்கு முந்திய வருஷம் எது தெரியுமா? மன்மத. இதை நான் கற்பனை செய்யவில்லை, பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1836 பங்குனிவரை மன்மத வருஷம், சித்திரை முதல் நாள் துன்முகி. கெட்ட முகம் உடையவள் என்று பொருள். 2016-லும் அப்படியே. பங்குனியில் சந்திக்கட்டும், சித்திரையில் மதிலில் முதல் கடப்பாரை விழட்டும். நீங்களாக யோசித்து இப்படி அமைத்திருந்தால் செயற்கை என்று நானே சொல்லியிருப்பேன்.

இந்த அறுபதோடு இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் பரம்பரையைப் பெயர் வழியே துரத்த முடியாது என்று எழுதியிருந்தீர்கள். முடியும். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதான் பேரன். பாட்டி பெயர் பேத்திக்கு. ஒன்றுவிட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பும். பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே தோராயமாக எத்தனை வருஷம்? ஐம்பது, அறுபது. ஆக வருஷத்தின் பெயர் திரும்பும்போதெல்லாம் வீட்டில் அந்தப் பெண்ணின் பெயரும் திரும்புகிறது. உங்கள் நாயகிக்குச் சென்னையில் கூச்சமாக இருக்கும் பழைய பெயர் ஒன்றை வையுங்கள், அலுவலகத்தில் எல்லோரும் சுருக்கிக் கூப்பிடும்படி. 1836-இல் ஒரு சின்னப் பெண் அதே பெயருக்குத் திரும்பிப் பார்க்கட்டும்.

ஓலையைப் பற்றி நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "பழந்தமிழில் ஏதோ மந்திரம் போல" என்று. ஐயோ, வேண்டாம். ஓலை எழுத்தின் இயல்பே உங்களுக்கு வேண்டிய மர்மத்தைத் தரும். எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஒகரத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே நெடிலுக்குச் சுழித்த கொம்பு கொண்டுவந்தார் என்பார்கள், ஆனால் ஓலைக்காரர்கள் பலர் பழைய வழியிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே உருவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நான் சுவடி படிக்கப் பழகிய நாட்களில் ஒரு கணக்கோலையில் "மரமர" என்று உரக்கப் படித்து, மரங்களைப் பற்றியது என்று விளக்கம் வேறு சொன்னேன். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "'மாமா'ப்பா அது" என்றார்.

உங்கள் ஓலைக்கு நான் ஒரு வரி தருகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

துனமுகிசிததிரைகலதொடு

பாட்டி வீட்டில் இதைத் தலைமுறை தலைமுறையாக எப்படிப் படித்திருப்பார்கள்? "துன்முகி சித்திரை, கல் தோடு." ஆகா, அந்த வருஷம் சித்திரையில் கல் வைத்த தோடு செய்திருக்கிறார்கள், அது எங்கே? பெரிய பாட்டி மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டாள், இல்லை இளைய மருமகள் அடித்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று தலைமுறைச் சண்டை. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து போனவர்கள் இருப்பார்கள். தோடு பெண்ணின் சீதனம், தாயிடமிருந்து மகளுக்குப் போக வேண்டியது, அதனால் சண்டையும் பெண்கள் வழியாகவே வரும். ஆண்களுக்கு என்ன என்றே புரியாது. கடைசியில் உங்கள் நாயகி ஓலை படிக்கத் தெரிந்த யாரிடமாவது கொண்டுபோகிறாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதில் குறில் நெடில் தெரியாதும்மா, தோடு என்றும் இருக்கலாம், தொடு என்றும் இருக்கலாம்" என்கிறார்.

கல் தொடு.

இது இங்கிலீஷில் எழுதவே முடியாத திருப்பம். தமிழில் மட்டும் நடக்கும். குடும்பம் நகை என்று நினைத்து அடித்துக்கொண்டது ஓர் அழைப்பு.

எந்தக் கல் என்பதற்கும் கீழணையே விடை. 1836-இல் கோயில் மதிலில் இருந்த கல், 2016-இல் கோயிலில் இல்லை. அது அணைக்கரையில் தண்ணீருக்குள் இருக்கிறது. ஆகவே உங்கள் நாயகி கோயிலில் எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது. முதல் பயணத்தில் அவள் ஏமாந்து திரும்பட்டும். புல்வெளி, 2004-இல் வந்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பலகை, 55 மீட்டர் விமானம், வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்குச் சிவன் பூச்சூட்டிவிடும் சிற்பம் எல்லாம் பார்த்துவிட்டு வெயிலில் வெறுங்கையோடு. அந்தச் சிற்பத்தில் சிவன் குனிந்து, ஒரு பிள்ளைக்குத் தலைவாரி விடுவதுபோல மாலையைச் சுற்றிக்கொண்டிருப்பார். காதல் கதை எழுதுகிறவர்கள் அதன் முன்னால் அரைமணி நேரம் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் கரிசனத்தை விரல்களில் மட்டும் காட்டியிருக்கிறான் அந்தச் சிற்பி.

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு அணைக்கரை வழியாகப் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், அந்தக் குறுகலான பாலத்தில் எதிரே வண்டி வந்தால் நம் வண்டி நிற்க வேண்டியதுதான். சின்ன வயதிலிருந்து அவள் அந்தப் பாலத்தைத் தூங்கிக்கொண்டே எத்தனையோ தடவை கடந்திருப்பாள். தேடியது காலடியிலேயே இருந்திருக்கிறது. அணை பிற்காலத்தில் திருத்திக் கட்டப்பட்டதுதான். ஒரு கல்லாவது பழைய இடத்தில் எஞ்சியிருக்கும் என்று நாவல் நம்பலாம், வாசகரும் நம்புவார். பங்குனியில் ஆற்றில் மணல் தெரியும்போது அவள் இறங்கித் தொடுகிறாள், கோயில் மதிலடியில் எழுகிறாள்.

இதனால் உங்களுக்கு ஒரு கெடுவும் கிடைக்கிறது. ஆற்றுக்குள் கட்டு வேலை என்பது தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் நடக்கும். மேட்டூர் அணை வந்தது 1934-இல், ஆகவே 1836-இல் குடகில் மழை பெய்தால் ஆனி ஆடியில் புதுப்புனல் நேராக வந்து இடிக்கும். அதற்குள் கல் மதிலிலிருந்து பெயர்ந்து, மாட்டு வண்டியேறி, ஆற்றுக்குள் இறங்கிவிடும். கல் நகர நகர அவளுடைய கதவும் நகர்கிறது. ஆடியில் தவறவிட்டால் அப்புறம் தண்ணீர் வடிந்து தை பிறக்க வேண்டும். தையில் திரும்பினாள் என்றால் 2017 ஜனவரி. பர்ஸில் இருக்கும் 500 ரூபாய் தாள் 1836-லும் செல்லவில்லை, வந்து பார்த்தால் இங்கேயும் செல்லவில்லை. முதலமைச்சர் இறந்திருப்பார், வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்திருக்கும், மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஒன்பது பத்து மாதத்தில் சொந்தக் காலமே அவளுக்கு அந்நியமாகிவிட்டது என்பதை ஒரு தேநீர்க் கடைக் காட்சியில் காட்டிவிடலாம்.

நாயகன். படைத்தலைவன் வேண்டாம். யார் வேண்டும்? கல் கணக்கு எழுதுகிறவன். எத்தனை கல் பெயர்ந்தது, எத்தனை வண்டி போனது என்று கும்பினிக்காக ஓலையில் குறிக்கும் ஆள். அவன் கைப்பட எழுதாமல் ஒரு கல்லும் போவதில்லை, அதனால் குற்றத்தில் அவனுக்கும் பங்கு. கற்களில் எழுத்து இருப்பதை அவன் பார்க்கிறான். எண்ணூறு வருஷப் பழைய எழுத்து, நடுவில் கிரந்த எழுத்து வேறு. அவனால் படிக்க முடியாது. படிக்கத் தெரியாமலே இரவில் விளக்கடியில் அந்தக் கோடுகளை அப்படியே ஓலையில் வரைந்து வைக்கிறான். அரசாங்கம் கல்வெட்டுக்கென்று ஹுல்ட்ஸ் என்ற அறிஞரை அமர்த்தியது 1886-இல். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வந்தது 1890-இல். அவர்கள் வருவதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இவன் தனியாக மாரடிக்கிறான். அவளும் படிக்கத் தெரியாதவள். இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்களே, உங்கள் காதல் காட்சி அதுதான். மழையில் நனைய வேண்டியதில்லை.

1836-இன் அன்றாடத்தைச் சொல்கிறேன். தீப்பெட்டி கிராமத்துக்கு வரவில்லை, பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி வர வேண்டும். மண்ணெண்ணெய் கிடையாது, இலுப்பையெண்ணெய் அல்லது ஆமணக்கெண்ணெய் விளக்கு. காப்பி இல்லை, அவளுக்கு முதல் மூன்று நாள் தலைவலி உறுதி. மிளகாய் உண்டு, தக்காளி ரசம் எழுதிவிடாதீர்கள். காலையில் நீராகாரமோ கம்பங்கூழோ. சீமைக்கருவேலம் 1870-களில்தான் இந்தியாவுக்கே வந்தது, ஆகவே அவள் சிறுவயதிலிருந்து பார்த்த புதர்க்காடு இருக்காது. அந்த இல்லாமையை வைத்தே அவள் காலம் மாறியதைக் கண்டுகொள்ளலாம். கும்பினி ரூபாய் வில்லியம் மன்னர் தலையோடு 1835-இல்தான் வந்தது, புத்தம்புதிது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். இதை நன்றாக மனதில் வையுங்கள். அவன் முகத்துக்குப் படம் என்று ஒன்று உலகத்தில் இருக்க வழியே இல்லை. அவள் கைபேசியில் எடுத்திருந்தால்தான் உண்டு, அதன் மின்னிருப்பும் இரண்டாம் நாளே தீர்ந்திருக்கும்.

அம்மை. பாட்டியின் தோளில் அம்மை குத்திய தழும்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள், வட்டமாக. இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1977-இல் அறிவித்தார்கள், குத்துவதும் நின்றது. 1990-இல் பிறந்த உங்கள் நாயகியின் தோளில் அந்த அம்மைத் தழும்பு இருக்காது. அதாவது 1836-இல் அவள் ஒரு பச்சைக் குழந்தை. அவளுக்கு உண்மையான உயிராபத்து வாளாலும் அம்பாலும் வராது, வேப்பிலை செருகிய ஒரு வாசற்படியால் வரும்.

அப்புறம் அவள் நிலைமை. 26 வயது, கழுத்தில் தாலி இல்லை, தனியாக வருகிறாள். ஊர் அவளிடம் முதலில் கேட்பது எந்த ஊர், என்ன சாதி, புருஷன் எங்கே. இந்த மூன்று கேள்விக்கும் பதில் தயார் செய்யாமல் அவளை அனுப்பாதீர்கள். இராமேசுவர யாத்திரைக் கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டேன் என்பது நம்பக்கூடிய பொய், சத்திரத்தில் இரண்டு நாள் தங்க இடம் கிடைக்கும். புருஷன் இல்லை என்றால் விதவை என்று முடிவு கட்டுவார்கள். விதவை மறுமணச் சட்டம் 1856-இல்தான். அடிமை முறையின் சட்டப் பிடிப்பு தளர்ந்தது 1843-இல், ஆகவே வயலில் அவள் பார்ப்பவர்களில் சிலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படக்கூடியவர்கள். இதைப் பார்த்தும் பார்க்காமலும் போகும் நாவல்கள் எனக்கு ஒப்பாது. அவளும் அவனும் ஒரே திண்ணையில் உட்காரலாமா என்பதே கேள்விக்குரிய காலம். பெயர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளே அலுவலக வழக்கத்தில் அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். திண்ணையில் இருந்தவர்கள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுகிறார்கள். நாலு மாதம் கழித்து, அவன்மேல் மனம் போனபிறகு, அவளாலேயே அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. "இங்க பாருங்க" என்றுதான் வாயில் வருகிறது. அவள் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டாம்.

பேச்சு மொழிக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. 1836-இன் பேச்சு அவளுக்குப் புரியும், அவளுடைய இங்கிலீஷ் கலந்த பேச்சுதான் அவர்களுக்குப் புரியாது. அந்தச் சீமையின் வாழ்க்கை வாசனைக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படியுங்கள். அவர் பிறந்தது 1855-இல், கொஞ்சம் பிந்தியது என்றாலும் அரியலூர், உடையார்பாளையம் பக்கத்துச் சத்திரம், சாப்பாடு, கடன், நடைப்பயணம் எல்லாம் அதில் இருக்கிறது.

இரத்த உறவுச் சிக்கலைக் கேட்டிருந்தீர்கள். அவன் அவளுடைய முன்னோன் என்றால் காதல் கசந்துவிடும், அவளே தனக்குப் பாட்டி என்றால் வாசகர் சிரித்துவிடுவார். இரண்டும் வேண்டாம். பஞ்சத்தில் அநாதையான ஒரு பெண் குழந்தையை அவன் வளர்க்கட்டும். நாயகியின் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாளே, அந்தச் சின்னப் பெண்தான். ஓலை அவளிடம் போகிறது, அவள் மகளிடம், பேத்தியிடம், கடைசியில் நாயகியிடம். அவன் குடும்பத்துக்கு மூலவன், ஆனால் ஒரு துளி இரத்தம் இல்லை. கடந்த காலத்தை மாற்ற முடியுமா முடியாதா என்பதில் முடியாது என்றே பிடிவாதமாக இருங்கள். மதில் போய்விட்டது, அவள் என்ன செய்தாலும் போகும். அந்தச் செங்கல் மதிலும் வராது.

1896-ஐ ஒரு பக்கத்தில் தாண்டிவிடலாம். 1956 துன்முகியை விட்டுவிடாதீர்கள். அந்த வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாட்டிக்கு அப்போது 18 வயது என்று வையுங்கள். அவளும் ஓலையைச் சரியாகப் படித்துவிட்டாள், அணைக்கரைக்குப் போகத் துணைக்கு ஒருவனை வரச்சொல்லியிருந்தாள், அவன் அந்த ரயிலில் வந்தான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "அது தோடுடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். விளக்க வேண்டாம், அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நாயகிக்கு நாவலின் கடைசியில் புரிந்தால் போதும்.

முடிவில் அவள் அங்கேயே தங்குவதா, திரும்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பட்டும். அவன் கணக்கோலையில் கடைசி வண்டிக்கு எதிரே ஒரு கல் குறைத்து எழுதியிருக்கிறான். அந்த ஒரு கல் வண்டியேறவில்லை, அவன் எங்கோ புதைத்திருக்கிறான். அது எங்கே என்பதற்கு ஓர் ஓலைவரி நீங்களே எழுதுங்கள், புள்ளி வைக்காமல்.